திண்ணையில் டொக் டொக், லாரியில் டிரம்: வாசகர் கேள்வி பதில்

வேலை விஷயமாக வைகாசி மாதம் முழுக்கக் கிருஷ்ணகிரியில் தங்கிய வாசகர் ஒருவர், காலையிலும் மாலையிலும் நடந்தபோது கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துவைத்து, நீளமான கேள்விப் பட்டியலாக அனுப்பியிருக்கிறார். அதில் சிலவற்றுக்கு இங்கே பதில். தண்ணீர் பற்றிய கேள்வி மட்டும் தருமபுரி வாசகி ஒருவருடையது.

கேள்வி: பைபாஸில் இரும்பு டிரம் அடுக்கிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. எண்ணெயா, ரசாயனமா? காலி டிரம்களைப் பழைய சாமான் கடையில் விற்கிறார்களே, தண்ணீர் பிடிக்க வாங்கலாமா?

பதில்: நீங்கள் பார்த்த மாதத்தில் அது பெரும்பாலும் மாம்பழக் கூழ். கிருஷ்ணகிரிப் பக்கம் 'பெங்களூரா' என்றால் முதலில் ஞாபகம் வருவது மாங்காய்தான், ஊர் அப்புறம். நுனி கிளிமூக்குப் போல வளைந்த ரகம். ஆந்திராவில் தோத்தாபுரி என்பார்கள். அறுவடை சூடுபிடித்ததும் கூழ் ஆலைகள் இரவு பகல் பார்க்காமல் ஓடும்.

பழத்தைக் கழுவி, அழுகலைப் பொறுக்கி எறிந்து, கொட்டை நீக்கி, சல்லடையில் நார் பிரித்து, நூறு டிகிரியை ஒட்டிய சூட்டில் சிறிது நேரம் வைத்துக் கிருமி நீக்கி, குளிரவைத்து அடைப்பார்கள். கூழுக்கு இயல்பான புளிப்பு இருப்பதால் அதற்கு மேல் சூடு தேவைப்படுவதில்லை. டிரம் வெறும் மேல்கூடு. கூழ் இருப்பது உள்ளே உள்ள பல அடுக்குப் பையில், வழக்கமாக ஒரு டிரம்முக்கு 215 கிலோ. ஆலைக்காரர்கள் கேட்கும் கணக்கு பிரிக்ஸ், அதாவது கரைந்திருக்கும் சர்க்கரை முதலியவற்றின் அளவு. பெங்களூராக் கூழுக்கு 14, அல்போன்சாவுக்கு 16 என்பது சந்தை வழக்கம். விலை குறைவு, சதை அதிகம் என்பதால் பாட்டில் மாம்பழச் சாறுகளில் பெங்களூராவே நிறைய போகிறது. மணத்துக்குச் சிலர் கொஞ்சம் அல்போன்சா கலப்பார்கள்.

பையில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் ஈஸ்ட் புகுந்து நொதிக்கும், பை உப்பிக்கொள்ளும். உப்பிய பையைப் பிரித்துப் பார்த்துப் பயனில்லை, கொட்டத்தான் வேண்டும்.

காலி டிரம் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கூழ் வந்த டிரம்மும் சாயம், கரைப்பான் வந்த டிரம்மும் வெளியே பார்க்க ஒன்றுதான். கூழ் வந்ததற்கு முழுதாகத் திறக்கும் மூடியும் அதைப் பிடிக்கும் இரும்பு வளையமும் இருக்கும். மூடியில் இரண்டு சிறிய திருகு துளை மட்டும் இருந்தால் அது திரவம் வந்தது, வாங்காதீர்கள். லேபிள் சுரண்டியிருந்தாலோ புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தாலோ வேண்டவே வேண்டாம். நல்ல டிரம்மாக இருந்தாலும் செடிக்கும் கட்டட வேலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், குடிநீருக்கு அல்ல.

கேள்வி: தள்ளுவண்டியில் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவதும் அதே மாங்காயா? வீட்டில் பழுக்கவைக்கக் காய் வாங்கினால் எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: அதேதான். பெரிய காய், தட்டையான கொட்டை, பல் கூசாத புளிப்பு, கீறினால் உடையாத கெட்டிச் சதை. வண்டிக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

பழுக்கவைக்க வாங்குவதானால் வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முற்றிய காய் மூழ்கும், இளங்காய் மிதக்கும். மிதப்பது சுருங்குமே தவிரச் சரியாகப் பழுக்காது. காம்பு ஒரு விரற்கடையாவது ஒட்டியிருக்கட்டும். காம்பை அடியோடு பிய்த்துவிட்டால் வடியும் பால் தோலைச் சுட்டு, கறுப்புத் தடமாகி, அங்கிருந்துதான் அழுகும். வைக்கோலில் ஒரே அடுக்காகப் பரப்பி, இரண்டு வாழைப்பழத்தைக் கூடவே வைத்தால் அதன் எத்திலீனே வேலையை முடிக்கும். வியாபாரிகளும் எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். (பத்து லட்சத்துக்கு நூறு பங்கு) வரை பயன்படுத்தச் சட்டம் அனுமதிக்கிறது. தடை செய்யப்பட்டது கார்பைடு கல். அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும் என்பதுதான் காரணம். தோல் மட்டும் ஒரே சீராக மஞ்சளாகி, காம்பருகே மணமே இல்லாமல், நறுக்கினால் உள்ளே வெளிறிப் புளிக்கும் பழத்தைச் சந்தேகப்படலாம்.

கேள்வி: இவ்வளவு பெரிய ஊரில் ரயில் நிலையம் எங்கே? தேடித் தேடிக் கால் வலித்ததுதான் மிச்சம்.

பதில்: இல்லாததைத் தேடியிருக்கிறீர்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு குறுகிய ரயில் பாதை இருந்தது. சுதந்திரத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். இன்று ஓசூர், தருமபுரி, திருப்பத்தூர், குப்பம் என்று பஸ் பிடித்துப் போய்த்தான் ரயில் ஏற வேண்டும்.

கேள்வி: பழையபேட்டைப் பக்கம் வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் உட்கார்ந்து நாள் முழுக்க எதையோ டொக் டொக் என்று தட்டுகிறார்கள். தெருவே புளிப்பாக மணக்கிறது.

பதில்: மணமே பதிலைச் சொல்லிவிட்டது, புளிதான். மாசி, பங்குனியில் உலுக்கிய பழத்தை வெயிலில் காயவைத்தால் ஓடு சுருங்கி, தட்டினால் தானே கழன்றுவிடும். அடுத்து நாரை உருவ வேண்டும். கடைசி வேலைதான் நீங்கள் கேட்ட சத்தம்: சதையைக் கல்மேல் வைத்துச் சிறிய சுத்தியால் தட்டிக் கொட்டையைப் பிதுக்குவது. ஓங்கித் தட்டினால் கொட்டை உடைந்து சில்லு சதைக்குள் ஒளிந்துகொள்ளும், வீட்டில் ரசம் வைக்கும்போது பல்லில் மாட்டும். மெல்லத் தட்டினால் நாள் கூலி தேறாது, ஏனென்றால் கூலி கிலோ கணக்கில். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு அளவு இருக்கிறது. அது கைக்குத்தான் தெரியும்.

ஓடு, நார், கொட்டை போக மிஞ்சும் சதை பழத்தின் எடையில் ஏறத்தாழ பாதிதான். கொட்டையும் வீணாவதில்லை. அதன் பருப்பை அரைத்த மாவு நெசவுப் பாவுக்குக் கஞ்சியாகிறது. மாவட்டத்து ரகங்களில் பெயர் பெற்றது உரிகம், நீண்ட காய்.

வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து அழுத்துங்கள். விரலில் ஈரம் ஒட்டினால் தண்ணீர் தெளித்து எடை ஏற்றியது. கொஞ்சம் ஊறவைத்துக் கரைத்தால் அடியில் மணல் தெரிந்துவிடும். வருடத்துக்கு வாங்குபவர்கள் இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, கிலோவுக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு தூவி, பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ அமுக்கி வையுங்கள். அலுமினியம், இரும்பு வேண்டாம். புளியின் அமிலம் பாத்திரத்தை அரிக்கும். நாள்பட்டால் கறுப்பது இயல்பு, கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. வெண்பூசணம் படர்ந்தால்தான் கவலை. நிறம் மாறாமல் விற்க நினைக்கும் வியாபாரிகள் குளிர்பதனக் கிடங்கில் வைப்பதும் இதனால்தான்.

கேள்வி: எங்கள் தெருவில் 'ஒகேனக்கல் தண்ணி' ஒரு குழாய், போர் தண்ணி ஒரு குழாய். போர் தண்ணீர் உப்பே கரிப்பதில்லை, பருப்பும் நன்றாக வேகிறது. காய்ச்சிக் குடித்தால் போதும்தானே? பெரியவர்கள் சிலருக்குப் பல்லில் பழுப்புக் கோடு இருக்கிறதே, அது வெற்றிலைக் கறையா?

பதில்: அம்மா, காய்ச்சுவது இங்கே உதவாது; கெடுதலை அதிகமாக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு இருக்கிறது. நம் பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து கரைந்து வருவது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. காய்ச்சினால் கிருமி சாகும், தண்ணீர் ஆவியாகும், ஃப்ளூரைடு அப்படியே தங்கும். ஒரு லிட்டரை முக்கால் லிட்டராகச் சுண்டவிட்டால், 1.5 இருந்த நீர் 2 ஆகிவிடும்.

நாக்கையும் நம்ப முடியாது. ஃப்ளூரைடுக்குச் சுவை, மணம், நிறம் எதுவும் இல்லை. இன்னும் சொன்னால், சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கடின நீரில் ஃப்ளூரைடு அதனோடு சேர்ந்து படிந்துவிடக்கூடும். பருப்பு சுலபமாக வேகும் மென்னீரில்தான் அது கரைந்து நிற்க வாய்ப்பு அதிகம். 'நல்லா இருக்கு' என்று குடிக்கும் நீரையே முதலில் சோதிக்க வேண்டும்.

பழுப்புக் கோடு வெற்றிலைக் கறையாக இருந்தால் பல் டாக்டர் தேய்த்தால் போய்விடும். பல்லின் குறுக்கே, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடினால் அது ஃப்ளூரைடு தடமாக இருக்கலாம். நிலைப்பல்லின் எனாமல் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், குடித்த நீர் விட்டுப்போன கையெழுத்து அது. பெரியவரானபின் புதிதாக வராது. ஆகவே வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இன்னும் அவசரம்.

சோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, இரண்டு லிட்டர் பிடியுங்கள். கண்ணாடி வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டில். டி.டி.எஸ். மீட்டரைக் காட்டி 'தண்ணி சுத்தம்' என்பவரிடம் ஏமாறாதீர்கள். அது மொத்த உப்பைத்தான் சொல்லும், ஃப்ளூரைடைத் தனியே காட்டாது. கேண்டில் வடிகட்டியும் புற ஊதா விளக்கும் இதை நீக்காது. ஆர்.ஓ. நீக்கும், ஆனால் அது வெளியே தள்ளும் கழிவு நீரில் ஃப்ளூரைடு செறிந்திருக்கும். அதைச் சமையலுக்குப் பிடிக்கக் கூடாது.

காவிரியிலிருந்து வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஃப்ளூரைடு பாதிப்பைக் குறைக்கவே வந்த திட்டம். 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதைக் குடிக்கவும் சோறு, குழம்புக்கும் வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைக் குளிக்கவும் துவைக்கவும் பயன்படுத்துங்கள். தோல்வழியே ஃப்ளூரைடு ஏறாது. குழாய் வராத நாளுக்கு மாடியில் பிடித்த மழைநீர் நல்ல மாற்று, அதில் ஃப்ளூரைடு இல்லை என்றே சொல்லலாம். அதைக் காய்ச்சிக் குடிக்கலாம்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஓடும் அரசு பஸ்ஸில் டி.என். 29 என்று இருக்கிறது, கார்களில் 24. அதென்ன?

பதில்: 24 கிருஷ்ணகிரி, 29 தருமபுரி, 70 ஓசூர். 2004 பிப்ரவரி 9இல் மாவட்டம் பிரிந்தது. பஸ் நிர்வாகம் பிரியவில்லை, கிருஷ்ணகிரிப் பணிமனைகளும் தருமபுரி மண்டலத்தில்தான். எண்ணுக்குப் பின் 'என்' எழுத்து இருந்தால் அரசுப் போக்குவரத்துக் கழகம், 'ஜி' இருந்தால் அரசுத் துறை வண்டி.

கேள்வி: ஊருக்கு வெளியே வேலிக்குக் கல் கால் நட்டிருக்கிறார்கள். எல்லாக் கல்லின் ஓரத்திலும் வரிசையாகப் பாதிப் பாதிக் குழிகள். அலங்காரமா?

பதில்: பிளந்த தழும்பு. பாறையில் நேர்கோட்டில், சில அங்குல இடைவெளியில் உளியால் குழி வெட்டி, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பு இறக்குவார்கள். பிறகு சம்மட்டியால் வரிசையாக ஒரு சுற்று, மறுபடி ஒரு சுற்று. அடியின் ஓசை மந்தமானால் உள்ளே பிளவு ஓடிவிட்டது என்று அர்த்தம். கல் இரண்டாகும்போது குழியும் பாதியாகும். அவசரப்பட்டு ஒரே ஆப்பை அடித்து இறக்கினால் பிளவு கோணிக்கொண்டு போகும், கல் பாழ்.

நடுவதானால் ஏழடிக் கல்லில் ஒன்றே முக்காலிலிருந்து இரண்டடி மண்ணுக்குள் போகட்டும். குறுக்கே வெள்ளை நரம்பு ஓடும் கல்லை ஒதுக்குங்கள், ஒடிவது அங்கேதான். கல் பாரம் தாங்கும், வளைவு தாங்காது. முள்கம்பியை முறுக்கி இழுக்கும்போது மூலைக்கல் விண்டுபோகும். மூலைக்கு இரண்டு பக்கமும் சாய்வாக முட்டுக்கல் கொடுத்துவிட்டு, அப்புறம் இழுங்கள்.

கேள்வி: விடியற்காலை தருமபுரி பஸ்ஸில் வலைப் பைகளில் வெள்ளை வெள்ளையாக எதையோ ஏற்றினார்கள். கண்டக்டர் மேலே மூட்டை வைக்கவே விடவில்லை.

பதில்: கண்டக்டர் விவரம் தெரிந்தவர். அது பட்டுக்கூடு, தருமபுரி ஏல அங்காடிக்குப் போகிறது. உள்ளே கூட்டுப்புழு உயிரோடு மூச்சு விடுகிறது. சாக்கில் கட்டினால் ஈரமும் சூடும் சேர்ந்து கூடு நமத்து, நூல் எடுக்கும்போது அறுந்துபோகும். அதனால்தான் வலைப்பை, அதனால்தான் வெயில் ஏறுமுன் பயணம். பாரம் அழுத்தினால் புழு நசுங்கிக் கூட்டில் கறை விழும், ஏலத்தில் விலை இறங்கும்.

புழு கூடு கட்டத் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில் பறிப்பார்கள். முந்திப் பறித்தால் புழுவின் தோல் இன்னும் இளசு, குலுங்கினாலே கிழியும். பிந்தினால் பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்துவிடும்; துளை விழுந்த கூட்டில் ஒரே இழையாக நூல் வராது. வெள்ளை இருசந்ததிக் கூடு (வருடத்துக்கு இரண்டு தலைமுறை வரும் புழு ரகத்தின் கூடு) ஒன்றில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் இழை. கிலோ பட்டு நூலுக்கு ஆறேழு கிலோ கூடு வேண்டும். அடுத்த முறை பக்கத்தில் உட்கார நேர்ந்தால், விற்பவரிடம் கேட்டு ஒரு கூட்டைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று புழு உருண்டால் பறித்த நாள் சரி.