ஃப்யூஸ் போகும் முன்னே மாஸ்ஃபெட் போய்விடுகிறது

தக்கலை நண்பருக்கு,

வால்வு ரேடியோவுக்காகச் செய்த 300 வோல்ட் சப்ளையில், வெளியீட்டு வயர் சேசிஸில் (உலோகச் சட்டத்தில்) பட்டு ஷார்ட் ஆனதும் ஐஆர்எஃப் 840 மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர்) செத்தது, ஃப்யூஸ் அப்படியே இருந்தது என்கிறீர்கள். அது அப்படித்தான் நடக்கும். ஃப்யூஸ் உருகச் சில மில்லி செகண்டாவது வேண்டும். மாஸ்ஃபெட்டுக்கு அதில் ஒரு துளி போதும்.

மாஸ்ஃபெட்டின் வெளியீட்டுக் காலான சோர்ஸுக்கும் சப்ளையின் வெளியீட்டுக்கும் நடுவே 12 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். பிசி 547 என்ற சிறு டிரான்சிஸ்டரின் பேஸ் சோர்ஸ் பக்கம், எமிட்டர் வெளியீட்டுப் பக்கம், கலெக்டர் மாஸ்ஃபெட்டை இயக்கும் காலான கேட்டில். சுமார் 50 மில்லி ஆம்பியரில் ரெசிஸ்டரில் 0.6 வோல்ட் விழும், டிரான்சிஸ்டர் விழித்துக்கொண்டு கேட் வோல்டேஜை இறக்கி, மின்னோட்டத்தை அதற்கு மேல் போகவிடாது. இதுதான் லிமிட்டர். கேட், சோர்ஸ் இடையே வோல்டேஜ் எல்லை மீறாமல் காக்க 12 வோல்ட் ஜீனர் டையோடும் கட்டாயம். உங்கள் படத்தில் அது இல்லை. எனக்கு முதல் சந்தேகமே அதன் மேல்தான்.

ஷார்ட் நீடித்தால் 300 வோல்ட்டும் மாஸ்ஃபெட் தலையில். அதாவது 50 மில்லி ஆம்பியரில் 15 வாட் வெப்பம். நல்ல ஹீட்சிங்க் வையுங்கள். அப்புறம், லிமிட்டருக்குப் பின்னால் பெரிய கெபாசிட்டர் வேண்டாம். அதில் தேங்கிய சார்ஜை லிமிட்டரால் தடுக்க முடியாது.

லிமிட்டருக்கு முன்னால் இருக்கும் 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரின் சார்ஜ் வடிய, அதன் குறுக்கே 1 வாட் 100 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் இரண்டைத் தொடராகப் போடுங்கள். ஆஃப் செய்து ஒரு நிமிடம் கழித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். குளச்சலில் என் வீட்டில் உப்புக்காற்று போர்டில் பிசுபிசுவென்று படியும். தேய்த்துத் துடைக்கும் அவசரத்தில் ஒருநாள் நான் மீட்டரில் பார்க்கவில்லை. ஷாக் முழங்கை வரை இழுத்துவிட்டது.