மீந்த சோறு: வாசகர் கேள்விகள்

மதியம் வடித்த சாதம் ராத்திரி வரை அடுப்பு மேடையிலேயே இருந்துவிட்டது. நன்றாகச் சுடவைத்துச் சாப்பிடலாம்தானே?

வேண்டாம், கொட்டிவிடுங்கள். அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உலை கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். அப்புறம் சுடவைத்தால் பாக்டீரியா சாகும், நஞ்சு சாகாது. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் தாக்குப்பிடிக்கும். உங்கள் குக்கர் விசில் அதை ஒன்றும் செய்யாது. சோறு ஊசிப்போன வாடையோ நூலோ இல்லாமலும் நஞ்சு இருக்கலாம் என்பதால், மோந்து பார்த்து முடிவு செய்வதும் வீண். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். பலருக்கு ஒரு நாளில் சரியாகிவிடும். குழந்தைகளுக்கு வந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

சாதத்தைச் சூடாக வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும் என்கிறார் மாமியார். சரியா?

பாதி சரி. கொதிக்கக் கொதிக்கப் பானையோடு வைத்தால் பக்கத்திலிருக்கும் பாலும் சூடாகும். அதற்காக ராத்திரி வரை வெளியே ஆறவிடக் கூடாது. பானையில் மேல்சோறு ஜில்லென்று இருக்கும். கையை உள்ளே விட்டால் நடுவில் இன்னும் கதகதப்பு. பாக்டீரியாவுக்கு அதுதான் கொண்டாட்டம். அகலமான தாம்பாளத்தில் விரல்கடை உயரத்துக்குப் பரப்பி ஃபேனுக்கு அடியில் வையுங்கள். ஆவி அடங்கியதும் மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜுக்குள் போகட்டும். இதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிவது நல்லது. நம் சித்திரை வெயிலில் அதற்கு மேல் சலுகையே கிடையாது. ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

அப்படியானால் பழைய சோறு எப்படி உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது?

அங்கே தண்ணீரில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பேற்றுகின்றன. அந்தப் புளிப்பில் மற்றதற்குப் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை. ஆனால் சோறு ஆறியதுமே தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். மதியத்திலிருந்து வெறுமனே கிடந்த சோற்றில் படுக்கப்போகும்போது தண்ணீர் ஊற்றினால், ஏற்கெனவே சுரந்த நஞ்சு எங்கும் போய்விடாது. காலையில் இளம்புளிப்பைத் தாண்டி நாற்றமோ வழவழப்போ இருந்தால் தொடாதீர்கள்.

எலெக்ட்ரிக் குக்கரில் ‘வார்ம்’ போட்டே வைத்திருக்கிறேன்.

60 டிகிரிக்கு மேல் சூடு நின்றால் பயமில்லை. கரண்ட் போனால் அந்த நிமிடத்திலிருந்து நேரத்தைக் கணக்கிடுங்கள்.

ஃபிரிட்ஜ் சாதம் கல்லு மாதிரி இருக்கிறதே, எப்படிச் சுடவைப்பது?

குளிரில் மாவுச்சத்து இறுகுவதால்தான் அப்படி. கட்டியை உதிர்த்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடி வைத்து மைக்ரோவேவில் சூடாக்குங்கள். பாதியில் ஒருமுறை கிளறுங்கள். என்னைக் கேட்டால் இட்லிப் பானை ஆவிதான் மேல், சோறு வடித்த பதத்துக்கே வந்துவிடும். எதில் வைத்தாலும் நடுச்சோறு வரை ஆவி பறக்க வேண்டும். சாப்பிடும் அளவு மட்டும் எடுத்துச் சுடவையுங்கள். ஒருமுறை சுடவைத்தது மிஞ்சினால் மறுபடி உள்ளே வைக்காதீர்கள்.