பி.காமா, பி.பி.ஏ.வா, டாலி மட்டும் போதுமா? கணக்குப் படிப்பு: கேள்வி-பதில்

பிளஸ் டூ வணிகவியல் முடித்துவிட்டேன். சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும். பி.காம். சேரவா, பி.பி.ஏ. சேரவா?

அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கோ ஆடிட்டர் ஆபீசுக்கோ போகும் எண்ணம் இருந்தால் பி.காம்.தான். நிதிக் கணக்கு, கம்பெனிக் கணக்கு, அடக்கவிலைக் கணக்கு, வருமான வரி, தணிக்கை என்று மூன்று வருடமும் கணக்கு கையை விட்டுப் போகாது. பி.பி.ஏ.வில் கணக்குப் பாடம் இரண்டு மூன்று தாள்களோடு பெரும்பாலும் நின்றுவிடும். மீதியெல்லாம் விற்பனை, மனிதவளம், நிர்வாகம். விற்பனைப் பிரிவு, எச்.ஆர்., அப்புறம் எம்.பி.ஏ. என்று போகிறவர்களுக்கு அது பொருந்தும். பி.பி.ஏ. முடித்துவிட்டு அக்கவுண்டன்ட் வேலை தேடுகிறவர்கள்தான் இன்டர்வியூவில் திணறுகிறார்கள்.

பி.பி.ஏ. சேர்வதாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். 2024-25 கல்வியாண்டிலிருந்து அது ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரத்தின் கீழ் வந்துவிட்டது. பல்கலைக்கழக இணைப்போடு அந்த அங்கீகாரக் கடிதத்தையும் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள்.

பி.காம். சி.ஏ. படித்தால் ஆடிட்டர் ஆகலாமா?

ஆகாது. அந்த சி.ஏ. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ., அதாவது பட்டயக் கணக்காளர் படிப்பை நடத்துவது இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் (ஐ.சி.ஏ.ஐ.); அது தனிப் பதிவு, தனித் தேர்வு. இதை அட்மிஷன் மேசையிலேயே தெளிவாகச் சொல்லாத கல்லூரிகள் உண்டு.

என் மகள் பிளஸ் டூவில் அறிவியல் குரூப். பி.காம். கிடைத்திருக்கிறது. சமாளிப்பாளா?

முதல் செமஸ்டர்தான் கஷ்டம். வகுப்பில் பாதிப் பேர் இரண்டு வருடம் கணக்குப்பதிவியல் படித்துவிட்டு வந்திருப்பார்கள், ஆசிரியரும் அந்த வேகத்தில்தான் போவார். கல்லூரி திறப்பதற்குள் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 11-ஆம் வகுப்பு கணக்குப்பதிவியல் புத்தகத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, வங்கிச் சரிகட்டும் பட்டியல், தேய்மானம், இறுதிக் கணக்குகள் இந்த ஆறும் வந்தால் போதும். வாசித்தால் வராது, ஒவ்வொரு பாடத்திலும் பத்துக் கணக்காவது நோட்டில் கோடு போட்டு எழுத வேண்டும். தமிழ் வழியில் படித்தவர் என்றால் பேரேடு என்பது லெட்ஜர், இருப்பாய்வு என்பது டிரையல் பேலன்ஸ் என்று இரண்டு பெயரையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பழகட்டும். ஆபீசில் ஆங்கிலப் பெயர்தான் காதில் விழும்.

எத்தனை தடவை போட்டாலும் இருப்பாய்வு சரியாக வருவதில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லையா?

இருக்கிறது. முதலில் வித்தியாசத் தொகையைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். தேட வேண்டிய இடத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். உதாரணமாக, பற்று (டெபிட்) 3,84,560, வரவு (கிரெடிட்) 3,83,660. வித்தியாசம் 900.

இரண்டு பக்கத்தையும் கீழிருந்து மேலாக மறுபடி கூட்டுங்கள். மேலிருந்து கீழே கூட்டும்போது செய்த அதே தப்பை மனசு திரும்பச் செய்யும். கூட்டல் சரி என்றால் எல்லா இருப்பும் பட்டியலுக்கு வந்திருக்கிறதா பாருங்கள். அதிகம் விடுபடுவது ரொக்கமும் வங்கியும்தான். அவை பேரேட்டில் இருக்காது, ரொக்க ஏட்டில் இருக்கும். பேரேட்டை மட்டும் புரட்டுகிறவர் விட்டுவிடுவார். 900 ரூபாய் இருப்புள்ள கணக்கு ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்து, வித்தியாசத்தை இரண்டால் வகுங்கள். 450 வருகிறது. 450 ரூபாய்த் தொகை ஒன்று பக்கம் மாறி உட்கார்ந்திருந்தால் வித்தியாசம் சரியாக இரட்டிப்பாகும். இதில் அடிக்கடி மாட்டுவது தள்ளுபடியும் திருப்பமும். அளித்த தள்ளுபடி, விற்பனைத் திருப்பம், எடுப்பு (முதலாளி சொந்தத்துக்கு எடுத்தது) மூன்றும் பற்று. பெற்ற தள்ளுபடியும் கொள்முதல் திருப்பமும் வரவு.

அதிலும் இல்லையா, ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மீதி இல்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 5,400 என்பதை 4,500 என்று எழுதினால் வித்தியாசம் 900. 1,000 என்பதில் ஒரு சுழியை விட்டு 100 என்று எழுதினாலும் அதே 900. இவ்வளவுக்கும் பிறகும் கிடைக்கவில்லை என்றால்தான் துணை ஏடுகளின் கூட்டலையும் பேரேட்டுக்கு எடுத்து எழுதியதையும் வரிவரியாகப் பார்க்க வேண்டும். வித்தியாசத்தைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் (சஸ்பென்ஸ்) போட்டு மூடுவது கடைசி வழி.

இருப்பாய்வு சமமாகிவிட்டதால் கணக்கு சரி என்றும் ஆகாது. 40,000 ரூபாய்க்கு வாங்கிய கம்ப்யூட்டரை அலுவலகச் செலவில் பற்று வைத்தாலும் இருப்பாய்வு சமமாகும். லாபம் மட்டும் குறைந்துபோகும். டாலி என்னும் கணக்கு மென்பொருளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பற்றும் வரவும் சமமாகாத வவுச்சரை அது ஏற்காது. அதனால் தொடக்க இருப்பு வித்தியாசத்தைத் தவிர மற்ற எந்தத் தப்பும் இருப்பாய்வில் வெளியே தெரியாது.

மூன்று மாத டாலி கோர்ஸ் சேரலாமா? அதுவே போதுமா?

பற்று-வரவு தெரியாமல் சேர்ந்தால் பணம் வீண். கொடுப்புக்கு எஃப்5, பெறுதலுக்கு எஃப்6, ஜர்னலுக்கு எஃப்7, விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9. இதை ஒரு மதியத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். வேலை லெட்ஜரை எந்தக் குரூப்பில் வைப்பது என்பதில் இருக்கிறது. சரக்கு உள்ளே வந்த வண்டிக் கூலியை நேரடிச் செலவில் வைக்காமல் மறைமுகச் செலவில் வைத்தால் மொத்த லாபம் கூடிக் காட்டும், நிகர லாபம் மாறாது. அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஜி.எஸ்.டி. லெட்ஜர்களை வரிகள் குரூப்பில் வைக்காமல் செலவில் வைத்தால் வாங்கிய இடத்தில் கட்டிய வரியெல்லாம் செலவாகிவிடும்.

சென்டரில் சேரும் முன் ஒன்று கேளுங்கள்: உண்மையான பில் கட்டு ஒன்றையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் கொடுத்து ஒரு மாதக் கணக்கை முழுசாகப் போட வைப்பார்களா? அச்சடித்த பயிற்சிப் புத்தகம் மட்டும்தான் என்றால் வீட்டிலேயே பழகலாம். டாலி பிரைமைக் கல்வி முறையில் இலவசமாகத் திறக்கலாம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிவு விழும். பழகுவதற்கு அது தாராளம்.

அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

தேதியும் சதவீதமும். பணம் கொடுக்கும்போதே பிடித்த வருமான வரியை (டி.டி.எஸ்.) அடுத்த மாதம் 7-க்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு விற்பனை விவரப் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்-1 கெடு 11-ஆம் தேதி, மாத வரிச் சுருக்கப் படிவமான 3பி 20-ஆம் தேதி. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இரண்டும் 15-ஆம் தேதி.

பேப்பர் கொடுத்து ஒரு பில்லும் போடச் சொல்வார்கள். 18 சதவீத வரியுள்ள 50,000 ரூபாய்ச் சரக்கைக் கோவைக் கடை சேலத்துக்கு விற்றால் மத்திய வரி 4,500, மாநில வரி 4,500. அதே சரக்கு வெளிமாநிலமான பெங்களூருக்குப் போனால் ஒரே வரியாக ஐ.ஜி.எஸ்.டி. 9,000. சம்பளக் கணக்கும் வரலாம். பி.எஃப்.புக்கு எடுக்கும் சம்பளம் 15,000 என்றால் தொழிலாளியிடம் 12 சதவீதம், அதாவது 1,800 பிடித்தம். முதலாளி போடும் 1,800-இல் 1,250 ஓய்வூதியத்துக்கும் 550 பி.எஃப்.புக்கும் போகும். இ.எஸ்.ஐ. உச்சவரம்பு 21,000, மொத்தச் சம்பளம் 18,000 என்றால் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம் 135, முதலாளி பங்கு 3.25 சதவீதம் 585.

வருமான வரியில் பழைய நோட்டை நம்பிப் பிரிவு எண்களைச் சொல்லாதீர்கள். 1961 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025 சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பிரிவு எண்கள் மாறிவிட்டன.

கல்லூரியில் படித்துக்கொண்டே சி.ஏ. படிக்க முடியுமா?

முதல் இரண்டு கட்டங்களான ஃபவுண்டேஷனும் இன்டர்மீடியட்டும் முடியும். ஃபவுண்டேஷன் நான்கு தாள். தாளுக்கு 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். கொள்குறித் தாள்களில் தப்புக்குக் கால் மதிப்பெண் போகும், குருட்டாம்போக்கில் வட்டமிடாதீர்கள். முட்டுக்கட்டை அதற்குப் பிறகு வருகிறது. இன்டர்மீடியட் இரண்டு குரூப்பும் முடித்ததும் 2 வருட ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் வேலைப் பயிற்சி. ஆபீஸ் நேரமும் கல்லூரி நேரமும் மோதக் கூடாது, படிவம் 112-இல் அனுமதியும் வாங்க வேண்டும். பகல் முழுவதும் வகுப்பு, 75 சதவீத வருகை கட்டாயம் என்னும் கல்லூரியில் இது நடக்காது. ஷிப்ட் முறைக் கல்லூரியோ தொலைநிலைப் படிப்போ பாருங்கள். அவசரம் இல்லாதவர் பட்டத்தை முடித்துவிட்டு நேரடியாக இன்டர்மீடியட்டில் சேரலாம். வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீதம், மற்றவர்க்கு 60 சதவீதம் தேவை.

'100 சதவீதம் பிளேஸ்மென்ட்' என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

எதில் நூறு என்று கேளுங்கள். வகுப்பில் படித்த எல்லோரிலுமா, பிளேஸ்மென்ட்டுக்குப் பெயர் கொடுத்தவர்களில் மட்டுமா? போன வருட ஆஃபர் லெட்டர்களில் பதவி என்ன, மாதச் சம்பளம் என்ன என்று பாருங்கள். கால்சென்டர் வேலையும் கணக்கில் சேர்ந்திருக்கும். வேலை தப்பில்லை, ஆனால் அதற்கு இந்தப் படிப்புக்கென்று தனிக் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை.

இன்டர்ன்ஷிப்புக்கு ஆடிட்டர் ஆபீஸ் போனால் ஜெராக்ஸ் எடுக்கத்தான் விடுகிறார்கள்.

முதல் வாரம் அப்படித்தான். இரண்டாம் வாரம் ஏதாவது ஒரு கிளையன்டின் ஒரு மாத பேங்க் ஸ்டேட்மென்டை வவுச்சரோடு ஒத்துப் பார்த்துத் தரட்டுமா என்று நீங்களே கேளுங்கள். யாருக்கும் பிடிக்காத வேலை என்பதால் மறுக்க மாட்டார்கள். ஒத்துவராதவற்றைத் தேதி, தொகை, காரணம் என்று மூன்று பத்தியில் எழுதிக் கொடுங்கள். வசூலாகாத செக், பேங்க் கட்டணம், இரண்டு முறை பதிவான பில் மூன்றும் அனேகமாக அதில் இருக்கும். கிளையன்ட் பேப்பரை மட்டும் போனில் படமெடுக்காதீர்கள்.