ஏற்காட்டில் ஒரு நாள்: முட்டி வலியுள்ள அம்மாவோடு எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

கேள்வி: ஈரோட்டிலிருந்து காரில் ஒரே நாளில் ஏற்காடு போய்வர நினைக்கிறோம். அம்மாவுக்கு முட்டி வலி, குழந்தைக்கு வளைவில் வாந்தி வரும். எனக்கு மலைப்பாதையில் ஓட்டிப் பழக்கமில்லை. எந்த வரிசையில் போவது?

பதில்: முதலில் கிளியூர் அருவியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே கீழே இறங்கித் திரும்ப ஏற வேண்டும், இரண்டுமே முட்டியைப் பதம் பார்க்கும். ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால்தான் அருவிக்கு ஓட்டம். கோடையில் போனால் வெறும் பாறைதான்.

வெளிச்சத்தை வைத்து வரிசை போடுங்கள். பகோடா பாயிண்ட் கிழக்கே பார்த்த இடம், அதனால் காலையில் முதலில் அங்கே. அடுத்து சேர்வராயன் கோயில். 5,300 அடிக்கு மேல் இருந்தாலும் உச்சிவரை கார் போகும், மேலே சமதரைதான். ஆனால் சாமி இருப்பது குகைக்குள். வாசல் தாழ்வு, குனிந்துதான் நுழைய வேண்டும். அம்மா வெளியிலிருந்தே கும்பிட்டுக்கொள்ளட்டும். மே மாதத் திருவிழாவுக்கு மலைவாழ் மக்கள் திரளுவார்கள், அந்த நாட்களில் கார் நகராது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆர்க்கிட் பூங்கா. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தோட்டம் அது. பூச்சியைப் பிடிக்கும் குடுவைச் செடியைக் குழந்தைக்குக் காட்டலாம். ஏரிப் படகு எல்லா ஊரிலும் இருப்பதுதான், நேரம் மிஞ்சினால் பாருங்கள். பழைய கட்டடம் பார்க்க ஆசையிருந்தால் 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியைச் சாலையிலிருந்து பார்க்கலாம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். மழை பெய்த கையோடு மார்ச், ஏப்ரலில் போனால், காபித் தோட்டம் வெள்ளையாகப் பூத்திருக்கும்.

கடைசியாக லேடீஸ் சீட். சேலம் நகரமும் நீங்கள் ஏறிவந்த வளைவுகளும் கீழே தெரியும். எல்லோரும் சூரியன் மறையும்வரை நிற்பார்கள். நீங்கள் நாலு மணிக்கே போய், ஐந்துக்குக் கிளம்பிவிடுங்கள். புதிதாக ஓட்டுபவருக்கு இருட்டும் பனிமூட்டமும் சேர்ந்தால் வளைவு எங்கே திரும்புகிறது என்றே தெரியாது. மூட்டத்தில் ஹை பீம் போடாதீர்கள், வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும்.

சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு மாற்றுங்கள். பாதி வளைவில் மாற்றப் போனால் வண்டி திணறி நிற்கும், பின்னால் உருளும். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன். மேலே ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கும்போது ஏறிய அதே கியர். நியூட்ரலில் விடவே கூடாது. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பேட் சூடேறிக் கருகல் வாடை வரும், பிறகு பிரேக் பிடிக்காது. வாடை வந்தவுடன் அகலமான இடத்தில் ஒதுங்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும்.

குழந்தைக்குக் கிளம்பும் முன் இரண்டு இட்லி போதும், பால் வேண்டாம். வெறும் வயிறும் கூடாது. ஜன்னலைத் திறந்து எதிரே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். செல்போனைக் கையில் கொடுத்தால் மூன்றாவது வளைவிலேயே வாந்திதான். மாத்திரை தருவதானால் வயதுக்கேற்ற அளவை டாக்டரிடம் கேட்டு, ஏறத் தொடங்குவதற்கு அரை மணி முன்பே கொடுங்கள்.

வழியில் குரங்குகளுக்குத் தீனி போட நிறுத்தாதீர்கள். கதவைத் திறந்தால் பையோடு போய்விடும்.