வாட்ச் பின்னால் 'நேரம்': கிரேக்கத்தில் எந்தச் சொல்?

கேள்வி: மூன்றாவது முயற்சியில் தேர்வில் ஜெயித்த தங்கைக்கு வாட்ச் வாங்கியிருக்கிறேன். பின்பக்கம் 'நேரம்' என்று கிரேக்கத்தில் பொறிக்க ஆசை. மொழிபெயர்ப்பு ஆப் ஓரா, ஹ்ரோனோஸ், கெரோஸ் என்று மூன்று காட்டுகிறது. எதைப் போடலாம்?

பதில்: மூன்றுமே சரிதான், அதுதான் சிக்கல். நாம் 'நேரம் என்ன?' என்கிறோம், 'சாப்பிடக்கூட நேரமில்லை' என்கிறோம், 'எனக்கு நேரம் சரியில்லை' என்றும் புலம்புகிறோம். கிரேக்கத்தில் மணி கேட்க ஓரா; நம்மிடம் இருக்கிற, இல்லாமல் போகிற நேரத்துக்கு ஹ்ரோனோஸ் (வருஷத்துக்கும், இலக்கணத்தில் வினையின் காலத்துக்கும் அதே சொல்தான்); நேரம் சரியில்லை என்பதற்கோ இது எதுவும் ஒத்துவராது, அதிர்ஷ்டத்தைக் குறிக்கும் தீஹி வரணும். அதனால் ஆப்பில் தனிச்சொல்லைத் தட்டாதீர்கள், வாக்கியத்தை முழுசாகத் தட்டுங்கள்.

உங்கள் மனசில் இருப்பது 'அவளுக்கும் நேரம் வந்துடுச்சு', இல்லையா? அதற்குக் கெரோஸ். அந்தக் காலத்தில் கைரோஸ் என்று உச்சரித்தார்கள், தக்க தருணம் என்று பொருள். லிசிப்போஸ் என்ற சிற்பி அதை ஓர் ஆளாகவே வடித்தார்: முன்னால் நீள முடி, பின்மண்டை வழுக்கை, எதிரே வரும்போதே பிடித்தால்தான் உண்டு. ஆனால் இன்றைக்கு ஏதென்ஸில் கெரோஸ் என்று மட்டும் எழுதிக் காட்டினால் வானிலை என்றுதான் முதலில் நினைப்பார்கள், டிவியில் மழை வெயில் சொல்வார்களே, அது. 'ஈர்தே ஓ கெரோஸ்' என்று மூன்று சொல்லாகப் போட்டுவிடுங்கள், 'நேரம் வந்துவிட்டது' என்று அங்கே இப்போதும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பொறிப்பவரிடம் எல்லாமே பெரிய எழுத்தில் கேளுங்கள். சிறிய எழுத்தில் அழுத்தக் குறி போடணும், சொல்லின் கடைசியில் சிக்மா என்ற 'ஸ்' எழுத்து வேறு வடிவம் எடுக்கும், பெரிய எழுத்தில் இந்த இரண்டு தொல்லையும் கிடையாது.

இல்லை, ஹ்ரோனோஸ்தான் வேணும் என்றால் முதலெழுத்து ஆங்கில எக்ஸ் மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே கே மாதிரி ஒன்று இருந்தால் அது க்ரோனோஸ், கிரேக்கர்கள் சனிக் கிரகத்துக்கு வைத்திருக்கும் பெயர். தமிழில் இரண்டையுமே பலர் 'க்ரோனோஸ்' என்று எழுதுவதால் தப்பு கண்ணில் படாது. மூன்று தடவை எழுதி ஜெயித்த பெண், அவள் கையில் சனியைக் கட்டி அனுப்பாதீர்கள்.