மகள் இருக்கும் சாரணியர் படைக்கு அம்மா பொறுப்பு: விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிச் சாரணியர் படையில் இருக்கிறாள். போன ஆண்டு பொறுப்பாசிரியை மாற்றலாகிப் போனபோது, பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் ‘யாராவது உதவ முடியுமா’ என்று கேட்டார். நான் கை தூக்கினேன். இப்போது ஓர் இளம் ஆசிரியை பெயருக்குக் கேப்டன் (படைப் பொறுப்பாளர்). சனிக்கிழமைக் காலைகளில் பிள்ளைகளோடு இருப்பது பெரும்பாலும் நான்தான். மொத்தம் 22 பெண்கள், மூன்று அணிகள். ஜூலையில் மல்லிகை அணிக்குத் தலைவியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். பிள்ளைகள் என் மகள் பெயரைச் சொன்னார்கள். மற்ற அம்மாக்கள் என்ன பேசுவார்களோ என்று பயந்து வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து இவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ‘மத்த பிள்ளைங்கள எல்லாம் திட்ட மாட்ட, என்னை மட்டும்தான் திட்டுவ’ என்கிறாள். அப்படி விட்டுக்கொடுத்தும், வாட்ஸ்அப் குழுவில் ஓர் அம்மா ‘அவங்க பொண்ணுக்காகத்தானே அவங்க வர்றாங்க’ என்று போட்டுவிட்டார். ஜனவரியில் இரண்டு இரவு முகாம் வேறு வருகிறது. என் கணவர், ‘சம்பளமா தர்றாங்க? விட்டுட்டு வா’ என்கிறார். விட்டுவிடலாமா?
(பெயர் வேண்டாமே, திருச்சி)

பதில்: அன்புள்ள திருச்சி வாசகிக்கு,

விட வேண்டாம். முகாம் முடியும்வரையாவது விட வேண்டாம். ஆனால் அணித் தலைவி விஷயத்தில் நீங்கள் செய்தது தப்பு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மகளுக்கு அநியாயம் செய்தீர்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்த அணியின் மற்ற பிள்ளைகளுக்கும் அநியாயம்தான். ‘தேர்ந்தெடுங்கள்’ என்று சொன்னீர்கள், அவர்களும் யோசித்து ஒரு பெயரைச் சொன்னார்கள், நீங்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். இனி நீங்கள் எதைக் கேட்டாலும் ‘ஆன்ட்டி எப்படியும் அவங்க நினைச்சதைத்தான் செய்வாங்க’ என்றுதான் நினைப்பார்கள். சாரணியத்தில் அணி என்பது வரிசையில் நிற்க வசதியாகப் பிரித்து வைத்த கூட்டம் இல்லை. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இந்த இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே, வந்திருந்த 20 சொச்சம் பையன்களை நான்கு அணியாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனைத் தலைவனாக்கினார். வசதியான பள்ளிப் பிள்ளைகளும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் கலந்திருந்த கூட்டம் அது. பெரியவர்கள் ஒவ்வொரு பையனையும் மேய்க்காமல், அந்த நான்கு தலைவர்களிடம் பொறுப்பை விட்டார்கள்.

உங்களுக்குப் பிடிக்கும் ஒரு தகவலும் அந்த முகாமில் இருக்கிறது. பேடன் பவலின் அண்ணன் மகன் டொனால்டும் அங்கே இருந்தான், ஒன்பது வயது. சித்தப்பா அவனை எந்த அணியிலும் போடவில்லை, தனக்கு ஆர்டர்லியாக (ஏவல் உதவியாளாக)ப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சொந்தப் பிள்ளையை எங்கே நிறுத்துவது என்ற தலைவலி இந்த இயக்கத்துக்கு முதல் நாளிலிருந்தே உண்டு போலிருக்கிறது!

எனக்கும் அந்தத் தலைவலி வந்தது. என் மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது, உங்களைப் போலவே ஒரு கூட்டத்தில் கை தூக்கியவள்தான் நான். முதல் ஆண்டே ஏலகிரிப் பக்கம் ஒரு முகாம் போனோம். இரண்டாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அணிக்கு அணி சமையல், விறகெல்லாம் நனைந்துவிட்டது. என் மகளின் அணியில் அடுப்பென்று மூன்று கல், நடுவில் புகை, சுற்றிலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஏழு பிள்ளைகள். மணி இரண்டாகிவிட்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. யாரிடமும் சொல்லவில்லை, குடையை எடுத்துக்கொண்டு கீழே கடைக்குப் போய் எல்லாருக்குமாக இட்லி பார்சல் கட்டி, ஓர் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தேன்.

வந்து பார்த்தால் அடுப்பு எரிகிறது! அந்த அணியில் வாயே திறக்காத ஒரு பெண், பாட்டி திருநீற்றோடு மடித்துக் கொடுத்த சூடத்தைப் பையிலிருந்து எடுத்திருக்கிறாள். ஒரு கொட்டாங்குச்சியில் அதை வைத்துக் கொளுத்தி, நனைந்த விறகைப் பிளந்து, உள்ளே காய்ந்திருந்த சிம்புகளை மட்டும் ஒவ்வொன்றாக மேலே வைத்துப் பிடிக்க வைத்துவிட்டாள். சோறு கொதித்துக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த பார்சல்களைப் பார்த்ததும் ஏழு முகமும் விழுந்துபோனது.

எங்கள் கேப்டன் ஓய்வுபெற்ற ஆசிரியை. அதிர்ந்து பேச மாட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இட்லி வாங்கிட்டு வந்துட்டீங்க, சரி. அதுங்க ஆக்கினதை இப்ப யாரு சாப்பிடறது?” என்று மட்டும் கேட்டார். அந்தச் சோறு நடுவில் நறுக் நறுக்கென்று வேகாமல், புகை வாசனையோடு இருந்தது. என் மகள் பார்சலைத் தொடவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த அரைவேக்காட்டை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். வயிறு வலிக்குமோ என்று ராத்திரி முழுக்க விழித்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

நானும் நீங்களும் செய்தது ஒரே தப்புதான். பிள்ளைகள் கையில் இருக்க வேண்டியதை நாம் வாங்கிக்கொண்டோம். நான் பசிக்குப் பயந்தேன், நீங்கள் பேச்சுக்குப் பயந்தீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது என்ன செய்வது? அணித் தலைவிப் பட்டையைப் பிடுங்கி மகளிடம் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் நியமித்த அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? மல்லிகை அணியைத் தனியே உட்கார வைத்து, “ஜூலையில் நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை, அது என் தப்பு. இனி இதை நீங்களே முடிவு செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள். பக்கத்திலேயே நிற்காதீர்கள், நின்றால் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். இப்போது இருப்பவளே தொடரட்டும் என்றோ, மாற்றலாம் என்றோ, ஆறு மாதத்துக்கு ஒருத்தி என்றோ அவர்களே ஏதாவது கண்டுபிடிப்பார்கள். பெரும்பாலும் நமக்குத் தோன்றாத ஒன்றாகத்தான் அது இருக்கும்.

அப்புறம், கோர்ட் ஆஃப் ஹானர் கூட்டுகிறீர்களா? உங்கள் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. அணித் தலைவிகள் உட்கார்ந்து படையின் காரியங்களைப் பேசி முடிவெடுக்கும் கூட்டம் அது. கேப்டனும் இருப்பார், ஆனால் பேசுவது அவர்கள்தான். முகாமில் எந்த அணிக்கு எந்த வேலை, தாமதமாக வரும் பெண்ணை என்ன செய்வது என்பதையெல்லாம் அங்கே விட்டுவிடுங்கள். உங்கள் மகள் தப்பு செய்தாலும் அவளைக் கேட்க வேண்டியது அவளுடைய அணித் தலைவி. ‘என்னை மட்டும் திட்டுவ’ என்று அவள் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் இருந்தேன். ஊர் வாய்க்குப் பயந்து சொந்தப் பிள்ளையை இரண்டு மடங்கு அதட்டுவோம், அதை நேர்மை என்று வேறு நினைத்துக்கொள்வோம்.

பிரதம சோபான், துவிதிய சோபான் என்ற முதல், இரண்டாம் படிச் சோதனைகளில் மகளுடைய முடிச்சையும் முதலுதவியையும் நீங்கள் பார்க்காதீர்கள். அந்த இளம் ஆசிரியை பார்க்கட்டும், இல்லையென்றால் பக்கத்துப் பள்ளிக் கேப்டனைக் கூப்பிடுங்கள், பதிலுக்கு அவர் பிள்ளைகளை நீங்கள் பாருங்கள். ராஜ்ய புரஸ்கார் (மாநில விருது) அளவுக்குப் போனால் எப்படியும் வெளியாட்கள்தான் சோதிப்பார்கள், அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

கை சும்மா இருக்காதே என்பீர்கள். குளோவ் ஹிட்ச் முடிச்சு போடத் தெரியாமல் ஒரு பிள்ளை மூங்கிலைச் சுற்றிச் சுற்றி வரும்போது நமக்குக் கை நமநமக்கும். எங்கள் கேப்டன் எனக்குச் சொன்ன வைத்தியத்தைச் சொல்கிறேன். இரண்டு கையாலும் ஒரு டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், டீ ஆறினாலும் கீழே வைக்கக் கூடாது. சிரிக்காதீர்கள், நான் ஓர் ஆண்டு முழுக்க அப்படித்தான் நின்றேன்.

எல்லாவற்றிலும் டம்ளரோடு நின்றுவிட முடியாது என்பதும் உண்மை. கத்தி, கோடரி, கூடாரத்துக்குப் பக்கத்தில் நெருப்பு, தண்ணீர், காய்ச்சல் என்றால் யோசிக்காமல் உள்ளே போங்கள். முகாமில் இரண்டு பெண் பெரியவர்களாவது இரவும் இருக்க வேண்டும், நீங்கள் ஒருத்தியாகச் சமாளிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய கூடாரத்தில் தனியாக இருக்கக் கூடாது. அது உங்களுக்கும் பொருந்தும், விருந்தினராக வரும் எந்தப் பெரிய மனிதருக்கும் பொருந்தும். பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தில் மாத்திரை, ஒவ்வாமை விவரங்களை எழுதி வாங்குங்கள். ஏழாம் வகுப்புப் பெண்கள் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: முதல் மாதவிடாய் முகாமில் வருவது அபூர்வமில்லை. பை நிறைய நாப்கின் எடுத்துப் போங்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று முதல் நாளே எல்லாரிடமும் சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். இரண்டு செட் மாற்றுடையும் உங்கள் பையில் இருக்கட்டும்.

அந்த வாட்ஸ்அப் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் பதில் போடாதீர்கள். ‘முகாமுக்கு இன்னொரு பெரியவர் தேவைப்படுகிறது, நீங்கள் வர முடியுமா’ என்று போனில் கேளுங்கள். வந்தால் உங்களுக்கு ஆள் கிடைத்தது. வராவிட்டால் அந்தப் பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் பணக் கணக்கு மட்டும் யார் கேட்டாலும் காட்டும்படி இருக்க வேண்டும். 100 பக்க நோட்டு ஒன்றில் பில்லை ஒட்டி எழுதுங்கள். நவம்பர் 7 கொடி நாளுக்கு (1950இல் பாரத சாரணர் அமைப்பு உருவானது அந்தத் தேதியில்தான்) பிள்ளைகள் ஸ்டிக்கர் விற்ற காசு உட்பட. எங்கள் படையில் ஒருமுறை பெரிய சண்டை வந்தது நாற்பது ரூபாய் கயிற்றுக்காக.

‘சம்பளமா தர்றாங்க’ என்ற உங்கள் கணவரின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, தர மாட்டார்கள். ஆனால் அவர் கேள்விக்குள் நியாயமான ஒன்று இருக்கிறது. பயிற்சி இல்லாத ஒரு பெற்றோர் தலையில் முழுப் படையையும் கட்டுவது சரியில்லை. தலைமையாசிரியரிடம் போய், அந்த இளம் ஆசிரியையைக் கேப்டன்களுக்கான அடிப்படைப் பயிற்சிக்கு (‘பேசிக் கோர்ஸ்’) அனுப்பச் சொல்லுங்கள். மாவட்டச் செயலர் வழியாக ஏற்பாடு செய்வார்கள். முடிந்தால் நீங்களும் போங்கள். அதற்கு மேலே அட்வான்ஸ்டு, ஹிமாலயா உட் பேட்ஜ் என்று படிகள் உண்டு. கழுத்தில் இரண்டு மரமணி கோத்த தோல் கயிறு போட்டிருக்கும் கேப்டனைப் பார்த்தால், அவர் அதை முடித்தவர் என்று அர்த்தம்.

பேசிக் கோர்ஸில் பெரியவர்களையே அணி அணியாகப் பிரித்து, பிள்ளைகள் செய்வதையெல்லாம் செய்ய வைப்பார்கள். எனக்கு அப்போது வயது 41. என் அணித் தலைவி 26 வயது ஆசிரியை. இரண்டாம் நாள் காலை, “அக்கா, நீங்க இன்னிக்கு கக்கூஸ் குழி” என்றார். வீட்டில் இரண்டு பேரை அதட்டி வேலை வாங்கிப் பழகியவள் நான், மண்வெட்டியை வாங்கிக்கொண்டு போனேன். பாதி வெட்டும்போது வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் மண்வெட்டியை வாங்கி இரண்டு வெட்டு வெட்டிக் காட்டியிருந்தால் நான் அப்படியே போட்டுவிட்டு வந்திருப்பேன்.

மகளிடம் ஜூலை விஷயத்துக்கு வீட்டில் தனியாக ஒரு மன்னிப்பு கேட்டுவிடுங்கள். ‘ஆனால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றால்’ என்று ஆரம்பிக்காதீர்கள், அவளுக்கு அது தெரியும். சனிக்கிழமைகளில் அவளும் மற்றவர்களைப் போல உங்களை ஆன்ட்டி என்று கூப்பிடலாமா என்று அவளையே கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், சிலருக்குச் சிரிப்பு வரும். பள்ளி வாசலைத் தாண்டியபிறகு படையைப் பற்றி அவளாகப் பேசினால் ஒழிய நீங்கள் பேசாதீர்கள். ‘நீ வரவே வேண்டாம்மா’ என்று அவள் நேராகச் சொன்னால் மட்டும், முகாமுக்குப் பிறகு நிறுத்திவிடுங்கள்.

என் மகள் அப்படிச் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பில் த்ரோபால் டீமில் எடுத்தார்கள், ஸ்கார்ஃபை மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அதற்குப் பிறகும் ஒன்பது வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். முகாமுக்குச் சாமான் கட்டும்போது இப்போதும் அவள்தான் ஞாபகப்படுத்துவாள், “சூடம் எடுத்தாச்சா?”