லேடர் மட்டும் போதுமா? குட்டி கால்பந்து வீரர்கள் பற்றி கேள்வி பதில்

சின்னப் பிள்ளைகளைச் சுறுசுறுப்பாகத் திரும்ப, நிற்க, ஓட வைப்பது எப்படி என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை சொல்கிறேன்.

கே: சார், பையனுக்கு 9 வயது. தினமும் அரை மணி நேரம் லேடர் பயிற்சி (தரையில் விரித்த ஏணியின் கட்டங்களுக்குள் வேகமாகக் கால் மாற்றி வைப்பது). அதில் கால் பறக்கிறது, ஆனால் மேட்ச்சில் ஆள் எதிரே வந்தால் திணறுகிறான். ஏன்?

லேடரில் அடுத்து எங்கே கால் வைக்க வேண்டும் என்று அவனுக்கு முன்பே தெரியும், மேட்ச்சில் தெரியாது, அவ்வளவுதான் விஷயம். எதிராளியின் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண் பார்த்து, அதற்கேற்ப உடம்பு திரும்ப வேண்டும். லேடரை வார்ம் அப்பில் ஐந்து நிமிடத்தோடு முடித்துவிடுங்கள். அப்புறம் இடது பக்கம் ஒரு கோன், வலது பக்கம் ஒரு கோன் வைத்து, பந்தோடு அவனை உங்களை நோக்கி வரச் சொல்லுங்கள். கிட்டே வந்த பிறகு சத்தம் போடாமல் ஒரு பக்கம் கை காட்டுங்கள், அவன் அந்தக் கோனுக்குத் திரும்பட்டும். குனிந்து பந்தையே பார்ப்பவனுக்கு உங்கள் கை தெரியாது, அதனால் தலை தானாக நிமிரும். கிளித்தட்டு விளையாட ஆள் இருந்தால் இன்னும் நல்லது. கோட்டில் நிற்பவரை ஏமாற்றித் தாண்டுவதும் டிஃபண்டரைத் தாண்டுவதும் ஒரே வேலைதான்.

கே: மகளுக்கு 11 வயது. வேகமாகத் திரும்பும்போதெல்லாம் விழுகிறாள்.

அவளுக்கு வேகம் இருக்கிறது, பிரேக் இல்லை. ஓடி வந்து சட்டென்று நிற்பதைத் தனியாகப் பழக்குங்கள்: கடைசி சில அடிகள் குட்டையாக, இடுப்பு தாழ்வாக. நீங்கள் எதிரே நின்று முட்டியைப் பாருங்கள். அது உள்பக்கம் மடங்காமல் பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும். பதின்வயதில் முட்டியின் ஏசிஎல் தசைநார் கிழிவது பெண் பிள்ளைகளுக்கு அதிகம் என்பதால் இதில் கண்டிப்பாக இருங்கள்.

கே: போன வருடம் நன்றாக ஆடினான், 13 வயதில் இப்போது கால் தடுக்குகிறது. சோம்பலா?

சோம்பல் இல்லைங்க, வளர்கிறான். பையன்களுக்குச் சுமார் 14, பெண்களுக்குச் சுமார் 12 வயதில் உயரம் மிக வேகமாகக் கூடும், அப்போது புது நீளக் கைகாலுக்கு உடம்பு பழக நேரம் ஆகும். திட்டாதீர்கள், டீமை விட்டு எடுக்காதீர்கள். முட்டிச் சில்லுக்குக் கீழேயோ குதிகாலிலோ வலி என்றால் குதிக்கும் பயிற்சிகளைக் குறையுங்கள், வலி தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கே: அண்ணா, நான் புதுசா கோச்சிங் ஆரம்பித்திருக்கிறேன். 20 பிள்ளைகள், கையில் நாலு கோன்தான். எதிலிருந்து தொடங்க?

தம்பி, ஃபிஃபாவின் "11+ கிட்ஸ்" வார்ம் அப்பைப் பாருங்கள். 7 பயிற்சிகள், ஒற்றைக்காலில் நிற்பது, குதிப்பது, பக்கவாட்டில் உருள்வது என்று பெரிய சாமான் எதுவும் தேவைப்படாதவை. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி உட்பட நாலு ஐரோப்பிய நாடுகளில் 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் சோதித்ததில் காயங்கள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தன. மழையோ பரீட்சையோ, வாரம் இரண்டு முறையாவது விடாமல் செய்ய வையுங்கள். மீதி நேரம் நொண்டி, தொட்டுப் பிடித்தல், மூணுக்கு மூணு ஆட்டம். வரிசையில் நிற்க மட்டும் விடாதீர்கள், தன் முறைக்காகக் காத்து நிற்கும் பிள்ளை ஒன்றும் கற்பதில்லை.

கே: காலில் எடை கட்டி ஓட வைக்கலாமா? பையனுக்கு 10 வயது.

வேண்டாம். ஓடும் விதமே மாறிவிடும். அந்தக் காசுக்கு இன்னொரு பந்து வாங்கிக் கொடுங்கள்.